மூன்றாவது குண்டூசி

— பேசாதக்கா. பேசினா ஊசி இன்னும் கீழ இறங்கிடும்.

— இறங்கினா இறங்கட்டும்டி. நடுவழியில நிக்கறதுக்கு இறங்கறது தேவலை. இங்க பாரு, தொண்டைக்குழிக்குக் கீழ சுருக்கு சுருக்குங்குது.

— ஐயோ, நெஞ்சுக்கே போயிடுச்சா? சிஸ்டர், சிஸ்டர், கொஞ்சம் இங்க வாங்களேன்.

— வந்துட்டேன்மா. முதல்ல இந்த நாற்காலியில உட்காருங்க. யாருக்கு உடம்புக்கு முடியல?

— இவங்களுக்குத்தான். குண்டூசியை முழுங்கிட்டாங்க.

— நீங்க யாரு?

— சிஸ்டர்.

— சிஸ்டர் நான். நீங்க யாரு?

— நானும் சிஸ்டர்தான், சிஸ்டர். இவங்க என் கூடப் பிறந்த அக்கா.

— அப்ப உங்களைத் தங்கச்சின்னே கூப்பிடறேன். இல்லன்னா இந்த ரூமுக்குள்ள யாரு யாருக்கு ஊசி போடறதுன்னு குழப்பம் வந்துடும். அம்மா, மூச்சு சரியா விட முடியுதா?

— மூச்சும் வருது, பேச்சும் வருது. இவதான் வாயைத் திறக்க விடமாட்டேங்கறா.

— எச்சில் முழுங்கிப் பாருங்க. இறங்குதா?

— இறங்குது. ஆனா போற வழியில கீறிட்டுப் போகுது.

— வாந்தி எடுத்தீங்களா? ரத்தம் ஏதாவது வந்துச்சா? வயிறு வலிக்குதா?

— ஒண்ணும் இல்லம்மா. வயிறு பசிக்குது, அவ்வளவுதான்.

— விரலைக் காட்டுங்க. இது சும்மா கிளிப்பு, வலிக்காது. மறு கையில பிரஷர் பார்த்துடறேன், சரிங்களா? ஆமா, குண்டூசி எப்படிம்மா வாய்க்குப் போச்சு?

— எங்க போச்சு? அது எப்பவும் அங்கதானே இருக்கு.

— வாய்லயா?

— நாங்க தையல்கடை வச்சிருக்கோம் சிஸ்டர். ரெண்டு கையும் துணியைப் பிடிச்சிருக்கும்போது ஊசியை எங்க வைக்கறது? உதட்டுல வச்சுக்குவோம். அக்கா எப்பவும் மூணு வச்சுக்குவாங்க.

— ரெண்டு பத்தாதும்மா. நாலு வச்சா பேச முடியாது.

— மூணு வச்சா பேச முடியுமா?

— பேசுவாங்க, பாடுவாங்க, என்னைத் திட்டவும் திட்டுவாங்க. இத்தனை வருஷத்துல ஒரு ஊசி தவறினதில்ல.

— அப்ப இன்னைக்கு மட்டும் என்ன ஆச்சு? 

— இவ ஒரு சேதி சொன்னா.

— நான் ஒரு சேதி சொன்னேன் சிஸ்டர். தப்பான நேரத்துல சொல்லிட்டேன். இவங்க ஒரு கோட்டுக்கு ஊசி குத்திட்டு இருந்தாங்க. நான் பாட்டுக்குப் போட்டு உடைச்சுட்டேன்.

— எனக்குத் தொண்டையில ஹக்குன்னு ஒண்ணு வந்துச்சு. இருமினேன். ரெண்டு ஊசி தரையில விழுந்துச்சு. மூணாவதைக் காணோம்.

— நல்லாத் தேடினீங்களா?

— தரையெல்லாம் காந்தத்தை இழுத்துப் பார்த்தேன் சிஸ்டர். துருப்பிடிச்ச பழைய ஊசியாத்தான் வந்துச்சு. இது புதுப் பெட்டி, தலையே வெள்ளி மாதிரி மின்னும்.

— சரி. தங்கச்சி, அந்தப் பையில என்ன?

— வாழைப்பழம். பக்கத்துக் கடைக்காரர் சொன்னாரு, ரெண்டு பழத்தை முழுசா முழுங்கினா ஊசி அதுல புதைஞ்சு வழுக்கிட்டுப் போயிடுமாம்.

— குடுத்துட்டீங்களா?

— இல்ல, இனிமேதான்.

— நல்லவேளை. பழம் கிடையாது, தண்ணி கிடையாது, ஒரு சொட்டு டீ கூடக் கிடையாது. ஊசி உள்ள இருந்தா வாய் வழியா குழாய் விட்டு எடுக்கணும். அதுக்கு வயிறு காலியா இருக்கணும். விரலை விட்டு வாந்தி எடுக்கற வேலையும் வேண்டாம், சரிங்களா? சர்க்கரை இருக்கா? தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?

— பிரஷருக்கு ஒண்ணு. காலையில போட்டேன்.

— ஒத்துக்காத மருந்து ஏதாவது?

— மருந்தெல்லாம் ஒத்துக்கும். இந்த வழுவழு துணிதான் ஒத்துக்காது. மெஷின்ல வச்சா நகர்ந்து நகர்ந்து ஓடும்.

— நெஞ்சுல ஊசி இருக்கும்போதும் வாய்க் கொழுப்பு குறையல. நல்ல அறிகுறிதான். வெளிய உட்காருங்க, கூப்பிடறேன்.

*

— பார்த்தியாக்கா, நமக்குப் பின்னாடி வந்தவரை முதல்ல உள்ள கூட்டிட்டுப் போறாங்க. இரு, கேட்டுட்டு வர்றேன். சிஸ்டர், நாங்க எப்ப வந்தோம், அவர் எப்ப வந்தார்?

— தங்கச்சி, இது பேருந்துக்கு நிக்கற வரிசை இல்ல. யார் முதல்ல வந்தாங்கன்னு இங்க பார்க்கறதில்ல, யாருக்கு அவசரம்னுதான் பார்ப்போம். அவருக்கு மார்பு அடைக்குது. உங்க அக்காவைப் பார்த்த உடனே நாங்க நாலு பேர் தள்ளுவண்டியில போட்டு ஓடலன்னா, அதுக்கு சந்தோஷப்படணும்.

— சந்தோஷப்பட்டுட்டேன் சிஸ்டர். ஆனா நேரம் ஆகுதே.

— மூச்சுத் திணறினா, எச்சில் வழிஞ்சா, வலி கூடினா உடனே கூப்பிடுங்க, அப்ப வரிசையே கிடையாது. சும்மா இருந்தா சும்மா இருங்க, சரிங்களா?

— ரொம்ப நல்ல பொண்ணு. நம்ம கடைக்கு இந்த மாதிரி ஒருத்தி இருந்தா கஸ்டமர் வாயே திறக்க மாட்டாங்க. உட்காருடி. ஏன் நடுங்கற?

— ஏசி எலும்பு வரைக்கும் போகுதுக்கா. அது இருக்கட்டும், நீ ஏன் இந்தக் கோட்டைக் கையிலயே வச்சிருக்க?

— நீ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்த வேகம் அப்படி. கையில எது இருந்துச்சோ அது கூட வந்துடுச்சு. நல்லவேளை, இஸ்திரிப்பெட்டி இல்ல.

— யாரோட கோட்டு? நான் பார்த்ததே இல்லையே.

— கஸ்டமரோடது.

— அது தெரியுது. எந்தக் கஸ்டமர்? அளவு எப்ப எடுத்த?

— நீ பட்டன் வாங்கப் போயிருந்தப்ப வந்தாரு. இப்ப அதுக்கு என்ன? உன்கிட்ட கேட்டுட்டுத்தான் நான் துணி வெட்டணுமா?

— இடது தோள் இறங்கியிருக்கேக்கா. தப்பா வெட்டிட்டியா?

— நான் தப்பா வெட்டுவேனா? ஆளே அப்படி. ஒரு பக்கமா சாஞ்சு நிக்கறவருக்கு நேரா வெட்டினா, கோட்டுதான் கோணலாத் தெரியும். உடம்பு எப்படியோ துணி அப்படி.

— அக்கா.

— என்னடி.

— நான் சொன்னதுக்கு நீ இன்னும் ஒரு வார்த்தை கூட பதில் சொல்லல.

— இப்பதானே பேசாதேன்ன?

— தங்கச்சி, ரொம்பக் குளிருதா? அந்தக் கோட்டைத்தான் போட்டுக்கங்களேன்.

— ஐயையோ, வேண்டாம் சிஸ்டர். கஸ்டமர் துணி. எங்க கடையில அதுக்கு மன்னிப்பே கிடையாது. சின்னப் பொண்ணா இருக்கும்போது ஒரு அம்மாவோட பட்டுப் பாவாடையைச் சும்மா இடுப்புல வச்சுக் கண்ணாடி பார்த்தேன். ஒரு மாசம் என்னைப் பட்டன் துளைக்குக் காஜா எடுக்க மட்டும்தான் விட்டாங்க. இன்னும் இந்த விரல் மரத்துப்போய்த்தான் இருக்கு.

— ஊரான் துணியை உடம்புல போடறவ கடைக்கு எவ வருவா? சரியாத்தான் செஞ்சேன்.

— சரி, சரி. அம்மா, உங்களைக் கூப்பிடறாங்க. டாக்டர் தொண்டையைப் பார்ப்பார், அப்புறம் எக்ஸ்ரே. சங்கிலி, தோடு, வளையல், கொக்கி, எல்லாத்தையும் கழட்டித் தங்கச்சிகிட்ட குடுத்துட்டு இந்த கவுனை மாத்திக்கங்க. உடம்புல ஒரு துளி இரும்பு இருக்கக் கூடாது, சரிங்களா? தங்கச்சி, நீங்க உள்ள போய் மாத்திவிடுங்க.

*

— இதைத் தச்சது யாருடி? கழுத்தா இது? தலையை விட்டா தோள் வரைக்கும் இறங்குது.

— ஆஸ்பத்திரி கவுனுக்கு கழுத்து அழகு வேணுமாக்கா? கையை நீட்டு. பின்னாடி கட்டற கயிறு எங்க? ஒரு கயிறுதான் இருக்கு.

— மறுகயிறு அறுந்து எந்தக் காலமோ. மடிச்சு அடிக்காம விட்டா அறுந்துதான் போகும். முதுகெல்லாம் காத்து வாங்குது. இப்படியே அந்த வராந்தாவுல நடக்கவா?

— இரு, இரு. திரும்பி நில்லு. அசையாத. ஆச்சு. இப்ப பாரு, கோட்டு மாதிரி நிக்குது.

— ம். சங்கிலியைப் பத்திரமா வை. கோட்டை மடிக்காத, தோள் கசங்கிடும்.

*

— தங்கச்சி, ஏன் தனியா உட்கார்ந்து அழறீங்க? எக்ஸ்ரே எடுக்கத்தான் போயிருக்காங்க. ஒரு படம், அவ்வளவுதான்.

— என்னால வந்தது சிஸ்டர். வாயில ஊசி இருக்கறவங்ககிட்ட போய் யாராவது கல்யாண சேதி சொல்லுவாங்களா?

— கல்யாணமா? யாருக்கு?

— எனக்குத்தான். ஏன், இந்த வயசுலயான்னு பார்க்கறீங்களா?

— நான் அப்படிப் பார்க்கல. என் மூஞ்சியே அப்படி. மாப்பிள்ளை யாரு?

— எங்க கடைக்குத் தையல் மெஷின் ரிப்பேர் பண்ண வருவாரு. மெஷின்காரர்னு சொல்லுவோம். வாரம் ஒரு தடவை பெட்டியைத் தூக்கிட்டு வருவாரு.

— வாரம் ஒரு தடவை ரிப்பேர் ஆகற மெஷினா?

— ஒரு திருகாணியை நான்தான் தளர்த்தி வைப்பேன்.

— அடேங்கப்பா.

— அக்காவுக்கு அவரைக் கண்டாலே ஆகாது. வாசல்ல தலை தெரிஞ்சதும், வந்துட்டாருடி உன் மெஷினுக்கு வைத்தியர்னு சத்தமா சொல்லுவாங்க. டீ குடுத்தா, வேலையை விட டீ பெருசா இருக்கேம்பாங்க. அதனாலதான் இத்தனை நாள் சொல்லவே பயம். அத்தான் போனதுல இருந்து அக்காவுக்கு நான் மட்டும்தான். கடைக்கு மேல ரெண்டே ரூம். நான் போயிட்டா அவங்க யார்கூட சண்டை போடுவாங்க?

— அதை அவங்ககிட்ட கேட்டீங்களா?

— எங்க கேட்கறது? மெஷின்காரரைக் கட்டிக்கலாம்னு இருக்கேன்க்கான்னு ஒரே வாக்கியம்தான் சொன்னேன். ஹக்குன்னு ஒரு சத்தம். கண்ணெல்லாம் தண்ணி. முகமெல்லாம் சிவந்துபோச்சு. அந்த நிமிஷமே வேண்டிக்கிட்டேன் சிஸ்டர். அக்காவுக்கு ஒண்ணும் ஆகலன்னா, அவரை வேண்டாம்னு சொல்லிடறேன்னு.

— நல்ல வேண்டுதல்தான் போங்க. ஊசி வெளிய வந்தா மாப்பிள்ளையும் வெளிய போகணுமா? இருங்க, படம் வந்துடுச்சு போலிருக்கு. டாக்டர் கூப்பிடறாரு.

— என்னன்னு பார்த்துட்டு வந்து சொல்லுங்க சிஸ்டர்.

*

— தங்கச்சி, பதறக் கூடாது. படத்துல ஒரு குண்டூசி தெரியுது.

— ஐயோ.

— பதறாதீங்கன்னேன்ல? இதுல ஒரு விஷயம் டாக்டருக்கே புரியல. ஊசி தொண்டையிலயும் இல்ல, வயித்துலயும் இல்ல. ரெண்டு தோள்பட்டைக்கு நடுவுல படுத்திருக்கு. அங்க போக வழியே கிடையாது. இன்னொரு கோணத்துல படம் எடுக்கணும்னு உங்க அக்காவைத் திரும்ப நிக்க வைக்கப் போறாங்க. இதோ வந்துட்டாங்க. அம்மா, கொஞ்சம் திரும்புங்க.

— என்னடி, இவங்க எல்லாரும் என்னை ஒரு மாதிரியாப் பார்க்கறாங்க?

— அக்கா, ஊசி முதுகுக்குப் போயிடுச்சாம்.

— முதுகுக்கா? நான் முழுங்கினது ஊசியா, எலியா?

— அம்மா, அசையாதீங்க. கவுன் பின்பக்கத்தை யாரு இப்படிப் பிடிச்சு விட்டது?

— அதுவா, கயிறு அறுந்திருந்துச்சு சிஸ்டர். நான்தான் ஒரு ஊசி குத்தி... ஐயோ.

— இந்தாங்க, நீங்களே கழட்டுங்க. நல்லா இழுத்துப் பிடிச்சுக் குத்தியிருக்கீங்க, வெளிய தலை மட்டும் கடுகு மாதிரி தெரியுது. ஒரு துளி இரும்பு இருக்கக் கூடாதுன்னு நான் சொன்னதும் சரி சரின்னு தலையாட்டினது யாரு?

— என் ஜாக்கெட் கைப்பட்டியில எப்பவும் ரெண்டு ஊசி இருக்கும் சிஸ்டர். துணி விலகி நின்னா கை தானாப் போய்க் குத்திடும். குத்தினதே எனக்கு நினைப்பு இல்ல.

— எனக்கும் தெரியலையே. முதுகு மூடிடுச்சு, அது போதும்னு நடந்தேன்.

— உங்களுக்கு ஊசி உடம்புல ஒரு உறுப்பு மாதிரி போலிருக்கு. டாக்டர் என்ன கேட்டார் தெரியுமா? இந்த அம்மாவுக்குப் பழைய ஆபரேஷன் ஏதாவது இருக்கான்னு. தங்கச்சி, உங்க ரெண்டு கைப்பட்டியையும் இப்படி நீட்டுங்க. மிச்சம் ஒண்ணு இருக்கா? அதையும் எடுத்து என்கிட்ட குடுங்க. இந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க, அக்காவைத் தொடவே கூடாது, சரிங்களா? அம்மா, வாங்க, மறுபடி முதல்ல இருந்து.

*

— வந்துட்டியாக்கா? என்ன சொன்னாங்க?

— மூச்சைப் பிடி, விடு, பிடி, விடுன்னாங்க. முன்னாடி நின்னு ஒண்ணு, சைடுல ஒண்ணு, வயித்துக்கு ஒண்ணு. போட்டோ ஸ்டுடியோவுல கூட என்னை இப்படி நிக்க வச்சதில்ல.

— அக்கா, நான் ஒண்ணு சொல்லணும். நீ உட்கார்ந்துக்கோ. வாயில எதுவும் இல்லல்ல?

— பல்லு இருக்கு.

— மெஷின்காரரை நான் வேண்டாம்னு சொல்லிடறேன். வீட்டுக்குப் போனதும் முதல் வேலை அதான். நீ எதுவும் நினைச்சுக்காத.

— எதுக்கு?

— உன்னைத் தனியா விட்டுட்டு எப்படிக்கா?

— ராத்திரி நிம்மதியாத் தூங்குவேன். நீ விடற குறட்டை, ரெண்டு மெஷின் ஒண்ணா ஓடற மாதிரி இருக்கும்.

— விளையாடாதக்கா. நான் சொன்ன சேதியைத் தாங்க முடியாமத்தானே உனக்கு அப்படி வந்துச்சு? கண்ணெல்லாம் தண்ணி. நான் பார்த்தேன்ல?

— கண்ணைப் பார்த்த. வாயைப் பார்த்தியா?

— வாயில ஊசிதான் இருந்துச்சு.

— அதான். மூணு ஊசியைக் கடிச்சுக்கிட்டு ஒருத்தி அழறாளா சிரிக்கறாளான்னு உனக்கு எப்படிடி தெரியும்?

— சிரிச்சியா? எதுக்குச் சிரிச்ச?

— அம்மா, தங்கச்சி, ரெண்டு பேரும் வாங்க. டாக்டர் பார்த்துட்டார். கழுத்து, நெஞ்சு, வயிறு, எதுலயும் ஊசி இல்ல. சுத்தமா இருக்கு.

— நல்லாப் பார்த்தாரா சிஸ்டர்? ஊசி ரொம்பச் சின்னது.

— கவுன்ல இருந்ததையே கண்டுபிடிச்சவருக்கு வயித்துல இருக்கறது தெரியாதா? தொண்டையில மட்டும் லேசா ஒரு கீறல். இருமும்போது ஊசி உரசிட்டு வெளிய போயிருக்கும். அதைத்தான் ஊசி நிக்குதுன்னு நினைச்சுட்டாங்க.

— அப்ப குழாய் எல்லாம் வேண்டாமா?

— வேண்டாம். வீட்டுக்குப் போகலாம். ரெண்டு நாளைக்கு ஆறின கஞ்சி, மெத்துன்னு சாப்பாடு. காரம், சூடு வேண்டாம். காய்ச்சல் வந்தா, வயிறு வலிச்சா, ரத்தம் வந்தா, முழுங்க முடியலன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம இங்க வந்துடணும். ஊசி இல்லன்னு படம் சொல்லுது, அதுக்காக உடம்பு சொல்றதைக் கேட்காம இருக்கக் கூடாது, சரிங்களா?

— சரிங்கம்மா. நல்லா இருங்க.

— அப்புறம் ஒண்ணு. ஊசி குத்தி வைக்கறதுக்குச் சின்னதா மெத்தை விக்கறாங்களாமே?

— நாங்களே தச்சு விக்கறோம் சிஸ்டர். கடையில பெட்டி நிறைய இருக்கு.

— நல்லா விக்கறீங்க போங்க. அந்த வாழைப்பழத்தை என்ன பண்ணினீங்க?

— இந்தாங்க சிஸ்டர். உங்களுக்குத்தான் வச்சிருந்தேன்.

*

— மழை பிடிச்சுக்கிச்சே. ஆட்டோ ஒண்ணையும் காணோம். பல்லு தந்தி அடிக்குது உனக்கு. இந்தா, இதைப் போடு.

— கஸ்டமர் கோட்டுக்கா.

— போடுன்னா போடு. ஒருத்திக்கு ஆஸ்பத்திரி வந்தது போதும், அடுத்தது உனக்குக் காய்ச்சல்னு திரும்ப உள்ள போனா அந்தப் பொண்ணு நம்மளைத் தொடப்பத்தால அடிக்கும்.

— நீயா சொல்ற? பாவாடையை இடுப்புல வச்சதுக்கு ஒரு மாசம் காஜா எடுக்க வச்ச நீயா?

— அந்தப் பேச்சை விடு. தோளைக் காட்டு. ம், அப்படி.

— ஸ்ஸ். அக்கா, கழுத்துல ஏதோ குத்துது.

— எங்க? அசையாத. காலரைத் தூக்கு. அட.

— என்னக்கா?

— பாரு. வெள்ளித்தலை. என் மூணாவது ஊசி. இருமினதுல நேரா காலர் மடிப்புக்குள்ள போய்ப் படுத்துக்கிச்சு. மடியில வச்சுக்கிட்டே இவ்வளவு நேரம் ஆஸ்பத்திரியில உட்கார்ந்திருந்தோம்.

— அப்பாடா. இப்பதான்க்கா எனக்கு மூச்சே வருது. படம் சொன்னப்ப கூட நம்பல. ஏன்க்கா மறுபடியும் கண்ணுல தண்ணி?

— மறுபடியும் சிரிப்புதான்டி.

— முதல் தடவை எதுக்குச் சிரிச்சன்னு நீ இன்னும் சொல்லல. இரு, முதல்ல இதைக் கழட்டிடறேன். கஸ்டமர் நாளைக்கு வந்து, என் கோட்டுல யாரோட முடி ஒட்டியிருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ?

— கழட்டாத, இருக்கட்டும். அது கஸ்டமர் துணி இல்ல, மாப்பிள்ளை கோட்டு. இனிமேலாவது அந்த ரிப்பேர் பெட்டியை வலது கையில தூக்கச் சொல்லு, இடது தோள் சரிஞ்சுக்கிட்டே போகுது.